நாவல் படமாகும்போது எந்தக் காட்சி எங்கே போகும்?

படம் வருமுன்பே இதை ஊகிக்க, நாவலும் பென்சிலுமாக உட்காருங்கள். யாராவது பழங்கதை சொல்லும் பக்கங்களில் முதலில் கோடு போடுங்கள். திரையில் அது பெரும்பாலும் முன்கதையாகிவிடும். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் கதையின் மையமான மந்திர மோதிரத்தின் வரலாறு பேச்சுவாக்கில்தான் வருகிறது. 2001 படம் அதிலேயே தொடங்கியது.

அப்புறம் தேதிகள். எனக்கு இதுதான் ருசியான வேலை. நாவலின் பின்னிணைப்பில் நாள்வாரியாகக் காலவரிசை இருக்கிறது. இரண்டாம் பாகத்தின் முன்பாதி முழுக்க வீரன் அரகார்னின் கூட்டம், பின்பாதி முழுக்க மோதிரத்தைச் சுமந்து போகும் ஃப்ரோடோவும் தோழன் சாமும். படத்தில் இப்படிப் பிரித்து வைத்தால் ஃப்ரோடோவைப் பார்க்க இடைவேளை வரை காத்திருக்க வேண்டும்! இரண்டையும் ஒரே தாளில் தேதிப்படி எழுதுங்கள். அரகார்ன் கூட்டம் சண்டை போடும் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போர் மார்ச் 3 இரவு. ஃப்ரோடோ போய்ச் சேரும் ராட்சதச் சிலந்தி ஷீலாபின் குகை மார்ச் 12. இரண்டாம் படத்தின் உச்சம் அந்தப் போர் என்றால், சிலந்தி அடுத்த படத்துக்குத் தள்ளிப்போகும். போனது.

கடைசியாக, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முடிவு தேடுங்கள்: சாவு, இல்லையென்றால் சண்டை. இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில் சாகும் வீரர் போரோமிர், முதல் படத்தின் இறுதியிலேயே செத்துப்போனார்.

வழியில் வந்துபோகும் டாம் பாம்படில் மாதிரி ஆட்களுக்கு இடம் தேடி மண்டையை உடைக்காதீர்கள். வெட்டிவிடுவார்கள்.