குரங்கு கடிக்கும்போது மண்டையோடு எங்கே வளைகிறது? கணினியில் செய்து பார்ப்போம்

பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த 'திரிபு' நினைவிருக்கிறதா? நீள மாற்றத்தை மூல நீளத்தால் வகுத்தால் வருவது. எலும்பில் அது மிகச் சிறியது என்பதால் பத்து லட்சத்தில் ஒரு பங்கை 'மைக்ரோஸ்ட்ரெயின்' என்று எண்ணுகிறார்கள். நீண்டவால் மக்காக் குரங்கின் மண்டையோட்டில் அதைக் கணக்கிடுவோம்.

1. உருவம். எலும்புகளின் முப்பரிமாண ஸ்கேன்களைச் சேமித்து வைத்திருக்கும் மார்ஃபோசோர்ஸ் இணையதளத்தில் சிடி ஸ்கேன் தேடுங்கள். இலவச மென்பொருளான 3டி ஸ்லைசரில் எலும்பை மட்டும் பிரித்தெடுங்கள். கண்குழிச் சுவர் மெல்லியது, ஓட்டை விழும். கையால்தான் அடைக்க வேண்டும். அரை நாள் போய்விடும்.

2. வலை. திரிபைக் கணக்கிடும் மென்பொருளான ஃபெபியோ ஸ்டூடியோவில் உருவத்தைச் சின்னச் சின்ன நான்முகிகளாக உடையுங்கள். முதல் முயற்சிக்குச் சில லட்சம் போதும்.

3. எலும்பின் குணம். யங் குணகம் (எலும்பின் விறைப்பு) சுமார் 17 ஜிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் (நீளும்போது பக்கவாட்டில் சுருங்கும் அளவு) 0.3. மென்பொருளுக்கு அலகு தெரியாது. நீளம் மில்லிமீட்டரிலும் விசை நியூட்டனிலும் இருந்தால் 17000 (மெகாபாஸ்கலில்) என்று கொடுக்க வேண்டும். 17 என்று போட்டால் மண்டை ரப்பராகிவிடும்.

4. தசை. தசையின் குறுக்குவெட்டுப் பரப்பைச் சதுர செ.மீ.க்கு 30 நியூட்டன் வீதம் பெருக்குங்கள். 5 சதுர செ.மீ. என்றால் 150 நியூட்டன். கன்னத்தில் உள்ள மெல்லும் தசையான மாசட்டரின் விசையைக் கன்ன எலும்பு வளைவின் அடிவிளிம்பு முழுக்கப் பரப்பி, கீழ்த்தாடைக் கோணத்தை நோக்கி இழுக்கவிடுங்கள். மற்ற மெல்லும் தசைகளான டெம்போராலிஸ், உள் டெரிகாய்டு ஆகியவற்றுக்கும் அவை ஒட்டும் இடம், இழுக்கும் திசை பார்த்து இப்படியே.

5. பிடிப்பு. மண்டை நகராதபடி எந்தெந்தப் புள்ளிகளை நிறுத்துவது என்பது. எல்லாரும் வழுக்கி விழும் இடம் இது. நானும் முதலில் இரண்டு தாடை மூட்டுகளையும் கடிக்கும் பல்லையும் எல்லாத் திசையிலும் இறுக்கிவிட்டேன். விடைப் படத்தில் அண்ணம் முழுக்கச் சிவப்பு, அதாவது அதிகத் திரிபு. மண்டை பக்கவாட்டில் நெளிய வழியே இல்லை, அதனால் வந்த பொய்த் திரிபு அது. கடிக்கும் பக்க மூட்டை மட்டும் முழுதாக நிறுத்துங்கள். மறுபக்க மூட்டுக்குப் பக்கவாட்டு அசைவை விடுங்கள். பல்லுக்கு மேல்-கீழ்த் தடை மட்டும்.

6. ஓட்டம். கணக்கை ஓடவிட்டு, படத்தை ரசிக்குமுன் பிடிப்புப் புள்ளிகளில் வரும் எதிர்விசைகளைக் கூட்டுங்கள். தசைகளின் மொத்த இழுப்போடு அது சமமாக வர வேண்டும். மூட்டு அழுந்தாமல் பிரிந்து வந்தால் தசைத் திசையில் தவறு. பிடிப்புப் புள்ளியை ஒட்டிய எண்களை நம்பாதீர்கள்.

சரியா என்று எதை வைத்துப் பார்ப்பது? ஆய்வாளர் வில்லியம் ஹைலாண்டரும் சகாக்களும் உயிருள்ள மக்காக், பபூன் குரங்குகளின் எலும்பில் திரிபுமானி ஒட்டி, மெல்லும்போதே அளந்தார்கள். 1991-இல் வெளியான முடிவு: கன்ன எலும்பு வளைவில் திரிபு அதிகம், புருவ மேட்டில் மிகக் குறைவு. புருவ மேடு மெல்லும் விசையைத் தாங்கவே தடித்தது என்ற பழைய கருத்து அதோடு ஆட்டம் கண்டது. உங்கள் படத்திலும் புருவம் வெளிறி, வளைவின் முன்பகுதி சிவக்க வேண்டும். புருவம் சிவந்திருந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.