ஹாட் டிஸ்க் நிறையப் படங்கள்: டிஜிகேம், டார்க்டேபிள், கிம்ப் கொண்டு ஒழுங்குபடுத்தித் திருத்தும் முறை

படம் திருத்த வேண்டும் என்றதும் பலர் தேடுவது கிராக் செய்த போட்டோஷொப்பை. காசு மிச்சம்தான். ஆனால் கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் வைரஸ்களில் சில பரவியதே இப்படிப்பட்ட கிராக் கோப்புகள் வழியாகத்தான். பத்து வருடக் குடும்பப் படங்கள் இருக்கும் கணினியில் அதை ஓடவிடுவது விஷப்பரீட்சை.

வீட்டுக்கும் சிறு ஸ்டூடியோவுக்கும் மூன்று மென்பொருட்கள் போதும். படங்களை அடுக்கவும் தேடவும் டிஜிகேம். ரோ படங்களின் (கமரா சுருக்காமல், திருத்தாமல் அப்படியே பதியும் மூலக் கோப்புகளின்) வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்ய டார்க்டேபிள். கறை நீக்கவும் எழுத்துப் போடவும் கிம்ப். மூன்றும் விண்டோஸ், மெக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். தொழிலுக்குப் பாவித்தாலும் காசில்லை. இர்ஃபான்வியூ அப்படியல்ல. அது வீட்டுப் பாவனைக்கு மட்டுமே இலவசம், ஸ்டூடியோவில் போட்டால் லைசன்ஸ் வாங்க வேண்டும். போனிலோ ஜேபெக்கிலோ மட்டும் படம் எடுப்பவர்களுக்கு டார்க்டேபிள் தேவையே இல்லை. மூன்றையும் அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள்.

எந்த மென்பொருளானாலும், நீங்கள் பார்த்த வேலை படத்தோடேயே இருக்க வேண்டும். மென்பொருளுக்குள் அடைபட்டுக் கிடக்கக் கூடாது. நாளைக்கு வேறொன்றுக்கு மாறினாலும் பெயர்களும் குறிச்சொற்களும் (தேடுவதற்காகப் படத்தில் ஒட்டும் 'டேக்'குகள்) கூடவே வர வேண்டும். கீழே வரும் செட்டிங்குகளில் பாதி இதற்காகத்தான்.

கார்டிலிருந்து கணினிக்கு

கமரா கார்டிலிருந்து படங்களை 'கட்' செய்து ஒட்டாதீர்கள், 'கொப்பி' செய்யுங்கள். பாதி வழியில் கரண்ட் போனால், கட் செய்த கோப்புகளில் சில இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் போகலாம். கணினியிலும் வெளி ஹாட் டிஸ்க்கிலுமாக இரண்டு பிரதி ஆன பிறகே கார்டை ஃபோர்மட் செய்ய வேண்டும், அதையும் கமராவுக்குள் வைத்தே செய்வது நல்லது.

போல்டரின் பெயர் திகதியில் தொடங்கட்டும்: வருடம், மாதம், நாள், பிறகு நிகழ்ச்சி. 2024-07-21 என்று தொடங்கினால் கணினியே கால வரிசையில் அடுக்கிவிடும். 21-07-2024 என்று எழுதினால் எல்லா வருடத்து 21ஆம் திகதிகளும் ஒன்றாகக் குவியும். போல்டர், கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைப்பதே பாதுகாப்பு. பழைய ஸிப் கருவிகளிலும் சில பிரின்ட் கடைக் கணினிகளிலும் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகவோ கட்டங்களாகவோ மாறிவிடும். தமிழைக் குறிச்சொல்லிலும் விவரணத்திலும் தாராளமாக எழுதுங்கள், யுனிகோடில் மட்டும். யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டிய விவரணம் படத்துக்குள் வெறும் ஆங்கில எழுத்துக் குழப்பமாகவே பதியும், தேடினால் கிடைக்காது.

வெளி டிஸ்க்குக்குப் பிரதியெடுக்க ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள் வசதியானது. அதில் 'மிரர்' முறை ஆபத்தும் கூட: கணினியில் தவறுதலாக அழித்த படத்தை அடுத்த முறை வெளி டிஸ்க்கிலும் அழித்துவிடும். மிரர் போடுவதானால், அழியும் கோப்புகளை வேறொரு போல்டருக்கு ஒதுக்கும் 'வெர்ஷனிங்' தெரிவையும் சேர்த்துப் போடுங்கள். வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். செருகியே கிடக்கும் டிஸ்க்கை அந்தக் கப்ப வைரஸும் பூட்டும், ஏப்ரலிலும் ஐப்பசி கார்த்திகையிலும் கொழும்பில் விழும் இடியும் பொசுக்கும்.

டிஜிகேம்: முதல் நாளே செய்ய வேண்டியவை

முதன்முறை திறக்கும்போது படங்கள் எங்கே, டேட்டாபேஸ் (படங்களின் விவரங்களை டிஜிகேம் குறித்துவைக்கும் கோப்பு) எங்கே என்று கேட்கும். படங்கள் வெளி டிஸ்க்கில் இருக்கலாம். டேட்டாபேஸ் கணினியின் உள் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். நெட்வொர்க் டிஸ்க்கில் வைத்தால் மெதுவாவது மட்டுமல்ல, பழுதாகவும் கூடும்.

அடுத்து செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய், குறிச்சொல், விவரணம், நட்சத்திரம், முகப் பெயர், திகதி ஆகியவற்றைப் படத்துக்குள் எழுதும்படி டிக் போடுங்கள். போடாவிட்டால் நீங்கள் தட்டியதெல்லாம் டேட்டாபேஸுக்குள் மட்டுமே இருக்கும். கணினி பழுதானால் எல்லாம் போச்சு. ரோ கோப்புக்குள் நேரடியாக எழுதும் தெரிவை மட்டும் தொடாதீர்கள். அவற்றுக்கு 'சைட்கார்' எனப்படும் எக்ஸ்எம்பி துணைக் கோப்பு போதும்.

இனிக் கழித்தல். ஒரு கலியாணத்தில் எடுத்த 800 படங்களையும் ஒவ்வொன்றாகத் திருத்த உட்காருபவர் பாதியிலேயே கைவிடுவார். முதல் சுற்றில் அம்பு விசையால் வேகமாக நகர்ந்து, கண் மூடியது, அசைந்தது, மங்கியது எல்லாவற்றுக்கும் ஓல்ட் + 1 அழுத்தி 'நிராகரி' குறி போடுங்கள். இரண்டாம் சுற்றில் நல்லவற்றுக்கு கன்ட்ரோல் + 4 அல்லது 5 என்று நட்சத்திரம். பிறகு நிராகரித்தவற்றை மட்டும் வடிகட்டிக் காட்டச் சொல்லி ஒரேயடியாக அழிக்கலாம். அழித்தும் டிஸ்க்கில் இடம் கூடவில்லையே என்று பலர் குழம்புவார்கள். டிஜிகேமுக்கென்று தனிக் குப்பைத்தொட்டி உண்டு. அதையும் வெறுமையாக்கினால்தான் இடம் வரும்.

இரண்டு கமராவில் எடுத்த நிகழ்ச்சி என்றால் படங்கள் கால வரிசை மாறி நிற்கும். ஒன்றில் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தியிருக்கும், தாலி கட்டுவதற்கு முன்பே ஆசீர்வாதப் படம் வந்து நிற்கும். வேலையைத் தொடங்குமுன் இரண்டு கமராவாலும் ஒரே போனின் கடிகாரத்தை, விநாடி தெரியப் படமெடுத்து வையுங்கள். படத்தில் தெரியும் நேரத்துக்கும் கமரா பதிந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, திகதி-நேரம் திருத்தும் கருவியில் கொடுத்து, அந்தக் கமராவின் படங்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக நகர்த்தலாம்.

வட்ஸ்அப்பில் வந்த படங்கள் வேறு தலைவலி. அனுப்பும்போதே படம் எடுத்த திகதி நீக்கப்பட்டுவிடும், அளவும் குறையும். ஆனால் அன்ட்ரொய்ட் போனில் சேமிக்கப்படும் கோப்பின் பெயரிலேயே வருடம், மாதம், நாள் எட்டு இலக்கமாக இருக்கும். அதே கருவியில் 'கோப்புப் பெயரிலிருந்து எடு' என்பதைத் தெரிந்து, முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். அது படம் வந்த நாளே தவிர எடுத்த நாள் அல்ல, இருந்தாலும் ஒன்றும் இல்லாததற்கு மேல். இனிமேல் யாரிடமாவது படம் கேட்டால், 'டொக்கியுமென்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள். மூலப்படம் அப்படியே வரும்.

ஒரே படத்தின் மூலமும் வட்ஸ்அப் பிரதியும் இரண்டும் இருந்தால், முதலில் 'ஃபிங்கர்பிரின்ட்' (படங்களை ஒப்பிட உதவும் சுருக்க அடையாளம்) கட்டச் செய்து பிறகு ஒத்த படங்களைத் தேடுங்கள். ஒத்த அளவு 90 சதவீதம் என்று வைத்தால் அநேகமாகச் சரியாக வரும். அழிக்குமுன் பிக்சல் அளவைப் பாருங்கள், பெரியது மூலம். முகம் கண்டுபிடிக்கும் வசதியும் உண்டு. கணக்கெல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும், படம் இணையத்துக்குப் போகாது. பெரிய தொகுப்பானால் இரவில் ஓடவிட்டுப் படுங்கள்.

டார்க்டேபிள்: மண்டப வெளிச்சத்தில் எடுத்த ரோ

டார்க்டேபிளில் மொட்யூல்கள் (ஒவ்வொரு திருத்தத்துக்குமான தனித்தனிக் கருவிகள்) ஏராளம், எல்லாவற்றையும் தொட வேண்டியதில்லை. இந்த வரிசை போதும்.

முதலில் 'எக்ஸ்போஷர்'. முகம் சரியான வெளிச்சத்துக்கு வரும்வரை ஏற்றுங்கள். பின்னால் மேடை விளக்கு வெளுத்துப் போனாலும் இப்போதைக்குக் கவலை வேண்டாம். அடுத்து 'சிக்மொய்ட்' அல்லது 'ஃபில்மிக்'; இரண்டில் ஒன்று மட்டும். வெளுத்த பகுதிகளை அதுதான் அடக்கித் தரும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் படம் சாம்பல் பூசியது போல் ஆகிவிடும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு சிக்மொய்டே லேசு.

நிறத்துக்கு 'கலர் கலிப்ரேஷன்'. அதிலுள்ள துளிக்கருவியால் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியிலோ சாம்பல் நிறச் சுவரிலோ ஒரு கட்டம் இழுத்தால் மஞ்சள் இறங்கிவிடும். பட்டு வேட்டியில் இழுக்காதீர்கள், அது வெள்ளை அல்ல. முகம் நீலம் பாரிக்கும். பழைய 'வைட் பலன்ஸ்' மொட்யூலை அது இருந்தபடியே விட்டுவிடுங்கள். இரண்டிலும் கை வைத்தால் சிவப்பு எச்சரிக்கை தோன்றும், நிறம் இருமுறை மாறியிருக்கிறது என்று பொருள்.

மண்டபங்களில் உண்மையான சிக்கல் கலப்பு வெளிச்சம். மேடையில் மஞ்சள் விளக்கு, கூட்டத்தின் மேல் எல்ஈடி வெள்ளை. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். இதற்கு கலர் கலிப்ரேஷனையே இரண்டு தடவை போடலாம். முதலாவதில் மேடையைச் சுற்றி மாஸ்க் (திருத்தம் படவேண்டிய பகுதியின் எல்லை) வரைந்து, மேடைக்கு மட்டும் சரிசெய்யுங்கள். இரண்டாவதில் அதே மாஸ்க்கை 'ரஸ்டர் மாஸ்க்' (வேறு மொட்யூலில் வரைந்ததை மீண்டும் பாவிக்கும் வசதி) மூலம் எடுத்துத் தலைகீழாக்கினால் மீதிப் பகுதி முழுவதும் அதன் கட்டுப்பாட்டில் வரும். விளிம்பை நன்றாக மிருதுவாக்காவிட்டால் சுவரில் கோடு விழுந்தது தெரியும்.

கருங்கல் கோயிலான கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரத்தைப் போல வெளிச்சம் குறைந்த இடங்களில் ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றி எடுத்த, புள்ளி புள்ளியாகத் தெரியும் படங்களுக்கு 'டீநொய்ஸ் புரொஃபைல்ட்'. உங்கள் கமராவுக்கான அளவீடு உள்ளேயே இருந்தால் தானாக எடுத்துக்கொள்ளும். முகம் மெழுகுபோல் ஆகிவிட்டால் பலத்தைக் குறையுங்கள், கொஞ்சம் புள்ளி இருப்பது பிரின்டில் தெரியவே தெரியாது. காலிமுகத்திடல் கடல் சரிந்து நின்றால் 'ரொட்டேட் அன்ட் பெர்ஸ்பெக்டிவ்' மொட்யூலில், வலது பட்டனை அழுத்தியபடி அடிவானத்தின் மேல் ஒரு கோடு இழுத்தாலே போதும்.

ஒரு படம் சரியாக வந்ததும் அதே வெளிச்சத்தில் எடுத்த மற்றவற்றுக்கும் அப்படியே போடலாம்: அந்தப் படத்தில் கன்ட்ரோல் + சி, மற்றவற்றைத் தெரிந்து கன்ட்ரோல் + வி.

ஒரு எச்சரிக்கை. டார்க்டேபிளில் சேர்த்த படங்களை அதன் பிறகு விண்டோஸ் போல்டரிலோ டிஜிகேமிலோ நகர்த்தவோ பெயர் மாற்றவோ வேண்டாம். படம் இருந்த இடத்தில் மண்டையோடு தோன்றும். பயப்பட வேண்டாம், படம் தொலையவில்லை. 'கலெக்ஷன்ஸ்' பகுதியில் அந்த ஃபில்ம் ரோலை (டார்க்டேபிள் ஒரு போல்டருக்கு வைத்திருக்கும் பெயர்) வலது சொடுக்கிப் புதிய இடத்தைக் காட்டலாம். இரண்டு மென்பொருட்களும் ஒரே எக்ஸ்எம்பி கோப்பில் எழுதுவதால், பெயரும் குறிச்சொல்லும் டிஜிகேமில் முடிந்த பின்னரே டார்க்டேபிளைத் திறக்கும் ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள்.

கிம்ப்: கறை, கீறல், எழுத்து

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படம் 2400க்கு 3600 பிக்சல் வரும். இரண்டு மடங்கு பெரிதாக்கியும் பிரின்ட் போடலாம். சேமிப்பது டிஃப் கோப்பாக. கிம்பில் திறந்து, லேயரை (படத்தின் அடுக்கை) ஒரு பிரதியெடுத்து, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். 'லெவல்ஸ்' திறந்து இரண்டு ஓரச் சிறு முக்கோணங்களையும் வரைபடம் தொடங்கும் இடம்வரை நகர்த்தினால், மங்கிப்போன படம் அரைவாசி உயிர் பெறும். கீறலுக்கு 'ஹீல்' கருவி: அருகிலுள்ள நல்ல இடத்தில் கன்ட்ரோல் அழுத்திச் சொடுக்கி, பிறகு கீறலின் மேல் சிறு சிறு தொடுகையாகப் போங்கள். தூரிகை கீறலைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். மிகப் பெரிதானால் பக்கத்துக் கறுப்பும் இழுபட்டுக் கறையாகும். பூச்சி அரித்து முகத்தின் ஒரு பகுதியே இல்லாமல் போயிருந்தால் ஹீல் உதவாது. 'குளோன்' தேவை, பொறுமையும் தேவை.

கிம்பில் 'சேவ்' கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் மட்டுமே வரும். லேயர்கள் எல்லாம் அதில் இருக்கும், வைத்திருங்கள். கடைக்குக் கொடுக்க ஜேபெக் வேண்டுமானால் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஈ அழுத்தி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும், தரம் 95.

அந்தியேட்டி அழைப்புக்கோ பிறந்தநாள் வாழ்த்துக்கோ தமிழ் எழுத்துப் போட நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற யுனிகோட் எழுத்துருக்கள் கிம்பில் ஒழுங்காக வரும். கொம்பும் காலும் பிரிந்து நிற்பதாகத் தெரிந்தால் வேறொரு யுனிகோட் எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள்.

பிரின்டுக்குக் கொடுக்கும் முன்

நாலுக்கு ஆறு பிரின்டின் விகிதம் 3:2, போன் படத்தின் விகிதம் பெரும்பாலும் 4:3. வெட்டாமல் கொடுத்தால் கடை இயந்திரம் தானாக ஒன்பதில் ஒரு பங்கை வெட்டும். குரூப் படத்தில் வெட்டுப்படுவது உயரமானவரின் தலையாகத்தான் இருக்கும். கிம்பின் 'குரொப்' கருவியில் விகிதத்தை 3:2 என்று பூட்டி நீங்களே வெட்டுங்கள். 300 டிபிஐக்கு 1200க்கு 1800 பிக்சல் தேவை. எட்டுக்குப் பன்னிரண்டுக்கு 2400க்கு 3600. நிற வெளி எஸ்ஆர்ஜிபி.

பென்ட்ரைவைக் கொடுக்கும்போதே 'ஓட்டோ கரெக்ஷன் போட வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் இறக்கிய மஞ்சளை இயந்திரம் தன் பாட்டில் வேறு நிறமாக்கும். முழு அல்பத்துக்கும் ஓர்டர் கொடுக்குமுன், சேலைச் சிவப்பும் முகமும் ஒன்றாக உள்ள ஒரு படத்தை மட்டும் போட்டு, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.