பறவைக்கூடு வந்தால் முதலில் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்

கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் கோடாலித் தைலத்தோடு, சமைத்துச் சாப்பிடுகிற பறவைக்கூடும் கொண்டு வருவதுண்டு. பிள்ளை பெற்றவளுக்கு, நோயிலிருந்து தேறுகிறவருக்கு என்று காசைப் பார்க்காமல் வாங்குகிற பொருள் இது. அதனால்தான் போலியும் அதிகம்.

உழவாரன் இனக் குருவி தன் எச்சிலை நூல் நூலாக இழுத்துக் கட்டுவது இந்தக் கூடு. முழுக்கூடு பாதிச் சிரட்டையை நெடுக்காகப் பிளந்த மாதிரி, ஏறக்குறைய 6 முதல் 10 கிராம் இருக்கும். சுவரில் ஒட்டியிருந்த இரண்டு முனையும் தடித்திருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும். இழைகள் ஒரே பருமனில் இருக்காது, இடுக்கில் பொடி இறகு ஒன்றிரண்டு தெரியும். காகித வெள்ளை என்றால் வெளுக்க வைத்தது என்று சந்தேகப்படுங்கள். மேலே கண்ணாடிப் பளபளப்பு இருந்து, நாக்கில் வைத்தால் இனித்தால், எடை கூட்டச் சர்க்கரைத் தண்ணீர் பூசியிருக்கிறார்கள். கிராம் கணக்கில் விற்கும் பொருளில் பூச்சும் காசுதான்.

கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். கூட்டின் உள்பக்கத்திலிருந்து 1 கிராம், முனையிலிருந்து 1 கிராம் தனித்தனியாக உடையுங்கள். நல்ல கூட்டின் மேல் பிசின் பூசி விற்பதும் உண்டு. இரண்டு வெள்ளைக் கிண்ணத்தில், கொதித்து ஆறிய தண்ணீர் 200 மில்லி வீதம் ஊற்றிப் போடுங்கள். வெந்நீர் வேண்டாம், பிசினும் இழையும் சேர்ந்து குழைந்து குழப்பிவிடும். நாலு மணி நேரம் விடுங்கள். அசலில் தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாகவே நிற்கும், முட்டை வெள்ளைக்கரு வாடை லேசாக வரும். துண்டு பல மடங்கு ஊறி, நெடுக்காக இழை இழையாகப் பிரியும். இழுத்தால் கொஞ்சம் நீண்டு அறும்.

பாதாம் பிசின் ஊறின மாதிரி இழையே இல்லாமல் கட்டி கட்டியாக நின்றால் அது கராயா பிசின், ஆந்திரக் காட்டு மரங்களிலும் எடுப்பது. மடிப்பு மடிப்பாக விரிந்து, கடித்தால் நறுக்கென்றால் வெள்ளைக் காளான். ஊறியதை மூடிய பாத்திரத்தில் வைத்து, கொதிநீருக்குள் இறக்கி 40 நிமிடம் வேகவிடுங்கள். அசலின் இழை மென்மையாகும், காணாமல் போகாது. முழுக்கக் கரைந்து, ஆறியதும் நோன்புக்குச் செய்கிற கடல்பாசி போல உறைந்தால் போலி.

நெருப்பில் காட்டினால் முடி கருகுகிற வாடை வருவது அசலுக்கு அடையாளம் என்பார்கள். பிசினைப் பிடிக்க அது உதவும். ஆனால் பன்றித்தோலில் செய்த போலியும் அதே வாடைதான் தரும். ஊறிய தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் சாப்பிடாதீர்கள். ஹலால் முக்கியம் என்றால் ஆய்வகச் சோதனை தவிர வேறு வழியில்லை. பன்றிக் கலப்புக்குப் பன்றி டி.என்.ஏ. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடு அசலா என்பதற்குப் பார்ப்பது சயாலிக் அமிலம், குருவியின் எச்சிலில் இருக்கும் பொருள். அசலில் சுமார் 10 சதவீதம் இருக்கும்.

சிவப்புக்கூட்டை வாங்கவே வேண்டாம். சாயம் இறங்கினால் போலி, இறங்காவிட்டாலும் நைட்ரைட் என்ற, மிஞ்சினால் உடம்புக்குக் கெடுதல் செய்யும் உப்பு மிகுந்திருக்கலாம். 2011-ல் மலேசியக் கூட்டைச் சீனா நிறுத்தியது இதற்காகத்தான். நம் மலைக் குகைக் கூடு என்று யாராவது விற்றால் அதுவும் வேண்டாம்: மேற்குத் தொடர்ச்சி மலை உழவாரன் பாசியும் புல்லும் கலந்து கட்டும், எடுப்பதும் குற்றம்.

சாரல் காலத்தில் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், பூசணம் பிடித்ததைக் கழுவிச் சாப்பிடக் கூடாது. அசலே ஆனாலும் சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, கடும் ஒவ்வாமை தரும். உதடு வீங்கினாலோ மூச்சு இளைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.