பெண்களுக்கு சிறுநீர் எரிச்சல், வெள்ளைப்படுதல் என்றதும் ஆன்டிபயாடிக் போடலாமா?

முதலில் ஒன்று: வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரை அட்டையைத் தேடாதீர்கள். என்ன தொற்று என்று தெரியாமல் போடும் ஆன்டிபயாடிக் பல நேரம் தொல்லையைக் கூட்டிவிடும்.

சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிக்கடி முட்டிக்கொண்டு வருவது, போனால் கொஞ்சமாகப் போவது என்றால் பெரும்பாலும் அது சிறுநீர்ப்பைத் தொற்று. அரிப்போடு திரிதிரியாக வெள்ளைப்பட்டால் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு ஃப்ளூகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துதான் வேண்டும். ஆன்டிபயாடிக் போட்டால் நல்ல பாக்டீரியாவும் அழிந்து பூஞ்சை இன்னும் பெருகும். மீன் வாடையோடு நீர்த்துப்போய் வெள்ளைப்பட்டால் பாக்டீரியல் வஜினோசிஸ் (பிறப்புறுப்பில் பாக்டீரியாக்களின் சமநிலை குலைவது) என்று சந்தேகிப்பார்கள். ஆனால் அறிகுறிகள் ஒன்றோடொன்று கலந்து வரும், அதனால் பரிசோதனை செய்துகொள்வதே நல்லது.

யூரின் கல்ச்சர் (சிறுநீரில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கேட்டால், முதல் மாத்திரைக்கு முன்பே சாம்பிள் கொடுத்துவிடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும்.

சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அதிகம் எழுதித் தருவது நைட்ரோஃபுரான்டாயின், வழக்கமாக 5 நாள். சாப்பாட்டோடு போடுங்கள், இல்லையென்றால் குமட்டும். சிறுநீர் பழுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இந்த மருந்து ஒத்துவராமல் போகலாம்.

வஜினோசிஸுக்குப் பெரும்பாலும் மெட்ரோனிடசோல் 500 மி.கி., ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 7 நாள். வாயில் உலோகச் சுவை வரும், மாத்திரை முடிந்ததும் போய்விடும். அது முடியும்வரை மது வேண்டாம். வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், ரத்தம் உறையாமல் கசியும் ஆபத்து உண்டு. கிளிண்டமைசின் கிரீம் தந்தால் ஆணுறை வலுவிழக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். டிரைக்கோமோனாஸ் (உடலுறவில் பரவும் ஒட்டுண்ணித் தொற்று) என்று வந்தால் துணைக்கும் சேர்த்தே சிகிச்சை, வெட்கப்பட்டு மறைத்தால் திரும்பத் திரும்ப வரும்.

இரண்டாம் நாளே எரிச்சல் அடங்கிவிடலாம், அதற்காக நிறுத்தாதீர்கள், சொன்ன நாள்வரை போடுங்கள். பிறப்புறுப்பின் உள்ளே சோப்பு, வாசனைத் திரவம் எதுவும் போட்டுக் கழுவ வேண்டாம், வெளியே வெறும் தண்ணீர் போதும்.

கர்ப்பமாக இருந்தால் எந்த மாத்திரையும் கேட்காமல் வேண்டாம். குளிர்காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்து ஆரம்பித்து இரண்டு மூன்று நாளாகியும் குறையவில்லையா, கல்ச்சர் முடிவோடு திரும்பப் போய் மருந்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.