புதுசா வெளிநாடு வந்த நெல்லைக்காரங்களுக்கு: ஊர் வீட்டு மாடில சோலார் போடுதீங்கன்னா

புதுசா கல்ஃப் பக்கம் வந்து எறங்கியிருக்க நம்ம திருநெல்வேலி, தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்து தம்பி தங்கச்சிகளுக்கு எழுதுதேன். ரூம் பாக்கது, சிம் வாங்குதது, ஊருக்குப் பணம் அனுப்புதது எல்லாம் கூட இருக்கவங்களே சொல்லிக் குடுத்துருவாங்க, நான் சொல்ல வந்தது ஊர்ல அம்மா அப்பா இருக்க வீட்டைப் பத்தி. மொத வருஷம் நாம எல்லாரும் செய்யது என்னன்னா, வெயில்ல கெடந்து கஷ்டப்படுதாங்களேன்னு ஒரு ஏசி வாங்கிக் குடுப்போம், ஒரு சித்திரை மாச பில்லப் பாத்ததும் அப்பா அதைப் போடுததையே விட்டுருவாரு. எங்க வீரவநல்லூர் வீட்டுல அப்படித்தான், லீவுக்குப் போய் பாத்தா ஏசி மேல பழைய வேட்டிய போத்தி வச்சிருக்காங்க, எனக்கு மனசே ஆறல. அதுக்கு அப்புறந்தான் சோலாரைப் பத்தி விசாரிக்க ஆரம்பிச்சேன்.

மொதல்ல ஒரு வருஷத்து பில்லை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ரெண்டு மாசத்துக்கு 150, 200 யூனிட்தான் ஓடுதுன்னா அவசரமே படாதீங்க, நம்ம தமிழ்நாட்டுல வீட்டுக்கு மொதக் கொஞ்ச யூனிட் இலவசம், மிச்சத்துக்கு பில் வந்தாலும் சின்னதுதான், போட்ட காசு திரும்ப ரொம்ப நாள் ஆகும். ஏசி, மோட்டார், கிரைண்டர்னு 500 யூனிட்டைத் தாண்டுத வீடுன்னா கதையே வேற, ஏன்னா 500 தாண்டுனா அதுக்குக் கீழ உள்ள யூனிட்டுக்கும் ரேட் ஏறிரும். அங்கதான் சோலார் கை குடுக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட் தரும், 3 கிலோவாட்னா 12. பகல்ல மிஞ்சுதது லைனுக்குப் போகும், ராத்திரி நாம எடுக்கதுல அதைக் கழிச்சுக்குவாங்க, அதுக்குத்தான் நெட் மீட்டர்.

மானியம் மத்திய அரசு 2024-ல கொண்டுவந்த பிஎம் சூர்ய கர் திட்டத்துல வருது. மொத 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட் ஒண்ணுக்கு 30,000 ரூபா, மூணாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000. அதுக்கு மேல எத்தனை கிலோவாட் போட்டாலும் அந்த 78,000 தான். நாங்க விசாரிச்சப்போ 3 கிலோவாட்டுக்கு ரெண்டு லட்சத்தை ஒட்டிச் சொன்னாங்க. முழுசாக் கட்டிட்டு, வேலை முடிஞ்சு நெட் மீட்டர் மாட்டி எல்லாம் சரி பாத்த பொறவுதான் மானியம் பேங்க்குக்கு வரும், கையில பணம் இல்லன்னா இதுக்குன்னே கம்மி வட்டில லோன் இருக்கு. ஒண்ணு முக்கியம், பேனலும், பேனலுக்குள்ள கரண்ட் உண்டாக்குத சின்னத் தகடு இருக்கே, செல்லுன்னு சொல்லுவாங்க, அதுவும் ரெண்டுமே இந்தியாவுல செஞ்சதா இருந்தாத்தான் மானியம், வெலை கொறச்சுத் தாரேன்னு வேற எதையாவது தலைல கட்டுனா மானியம் போச்சு. நம்ம கங்கைகொண்டான் சிப்காட்லயே டாடா பவர் ஃபேக்டரில செல்லும் பேனலும் செய்யுதாங்க, அதை நெனச்சா எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கு.

இப்போ நாங்க மாட்டிக்கிட்டு முழிச்ச எடத்தைச் சொல்லுதேன். ஈபி கனெக்‌ஷன் தாத்தா பேர்ல இருந்துச்சு, அவர் போய் பதினஞ்சு வருஷம் ஆச்சு. மனு யார் பேர்ல, பேங்க் அக்கவுண்ட் யார் பேர்லன்னு எல்லாம் ஒத்துப் போகணும், அதனால அத்தைமார்கிட்ட கையெழுத்து வாங்கி பேர் மாத்துததுக்கே மாசக்கணக்குல இழுத்துட்டு. நீங்க பணம் அனுப்புததுக்கு முன்னாடி இதை முடிச்சுருங்க. மொபைல் நம்பரும் அப்பாவோடதக் குடுங்க, ஓடிபி வரும்போது நீங்க இங்கன டூட்டில நிப்பீங்க.

எடம் 1 கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி வேணும், பேனல் தெக்கப் பாத்து லேசான சாய்வுல இருக்கணும். வீடியோ கால்ல மாடிய ஒரு தடவை காலைலயும் ஒரு தடவை சாயங்காலமும் காட்டச் சொல்லுங்க, வாட்டர் டேங்க் நெழலு, பக்கத்து வீட்டுத் தென்னை நெழலு எங்க விழுதுன்னு தெரியும். ஒரு பேனல்ல நெழல் விழுந்தாலே அதோட சேத்துக் கோத்த மத்ததும் மந்தமாயிரும். தென்னைய வெட்டணும்னா சண்டை வரும், பேனலைத் தள்ளிப் போடுததுதான் நல்லது. அப்புறம் நம்ம பக்கம் ஆனி ஆடிக் காத்து லேசுப்பட்டதில்ல, கயத்தாறு ஆரல்வாய்மொழில காத்தாடி சும்மாவா நிக்கி, ஸ்டேண்டு கம்பில காசு மிச்சம் புடிக்காதீங்க.

கரண்ட் போனா சோலாரும் நின்னுரும், இதை அம்மாட்ட முன்கூட்டியே சொல்லிருங்க. லைன்ல வேலை பாக்க லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துத சோலார் இன்வெர்ட்டர் தானா கட் ஆயிரும். ராத்திரி ஃபேன் ஓடணும்னா பேட்டரி இன்வெர்ட்டர் தனியா இருக்கட்டும்.

வாரம் பத்து நாளைக்கு ஒருக்கா விடியக்காலம் தண்ணி ஊத்தித் தொடைச்சா போதும், உச்சி வெயில்ல சூடா இருக்க கண்ணாடில ஊத்தக் கூடாது. போர் தண்ணி உப்பா இருந்தா வெள்ளையாப் படியும், தாமிரபரணித் தண்ணி வர்ற கொழாய்லயே புடிச்சுக்கோங்க. வயசானவங்களை ஏணில ஏற விடாதீங்க, மாடிப்படி இல்லாத வீடுன்னா ஒரு ஆளை வச்சுருங்க.

சோலார் மாட்டுன கம்பெனிக்காரங்க போகும்போது, எத்தனை யூனிட் வருதுன்னு காட்டுத சோலார் இன்வெர்ட்டர் ஆப்பை உங்க போன்லயும் போட்டுத் தரச் சொல்லுங்க, வீட்டுல வைஃபை இருந்தா போதும். நான் தெனமும் டூட்டி முடிஞ்சு வந்து பாப்பேன். மழை இல்லாத நாள்ல 12 யூனிட் 9 ஆயிருந்தா வீட்டுக்கு ஒரு போன் போட்டுருவேன்.