ரப்பரில் தொடங்குவோம்: ஆங்கிலச் சொல்லும் பொருளும் படிக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை நேரங்களில் என் வீட்டு வாசலில் சில பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று ஐம்பது சொற்களை எழுதி மனப்பாடம் செய்துவிட்டு வருவார்கள். அடுத்த வாரம் கேட்டால் பத்துகூட நினைவில் இருக்காது. பிள்ளைகள் மேல் தவறில்லை, படிக்கும் முறையை மாற்றினால் போதும்.

முதல் படி: ஒரு நாளைக்கு ஐந்து சொல் மட்டும் எடுங்கள். அன்றைக்கு நீங்கள் கையால் தொட்ட, கண்ணால் பார்த்த பொருளாக இருக்கட்டும்.

இரண்டாம் படி: சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ரப்பரையே எடுத்துக்கொள்வோம். ரப் என்றால் தேய்ப்பது. பென்சில் எழுத்தை அழிக்க இந்தப் பொருள் நன்றாக உதவுகிறது என்று 1770-இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில அறிவியலாளர் எழுதினார். தேய்த்து அழிப்பதால்தான் ரப்பர் என்ற பெயரே வந்தது. டீச் டீச்சர் ஆவதும், டிரைவ் டிரைவர் ஆவதும் இப்படித்தான். நம் பாட்டி விடியற்காலையில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போனாரே, அவர் டேப்பர். சொல்லின் கடைசியில் ஒட்டும் 'அர்' என்ற ஒரு வால் தெரிந்தால் பல சொற்கள் கைக்கு வரும். ஆனால் ரிவர், வாட்டர் போன்றவை இந்தக் கணக்கில் சேராது.

மூன்றாம் படி: ஒரு பொருளோடு நிற்காதீர்கள். டேப் என்றால் தண்ணீர்க் குழாய். மெல்லத் தட்டுவதும் டேப். மரத்தைக் கீறிப் பால் எடுப்பதும் அதே டேப்தான். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'மை கிரேண்ட்மதர் டேப்ட் ரப்பர் ட்ரீஸ்' என்று ஒரு சிறுமி எழுதினாள். அந்தச் சொல்லை அவள் இனி மறக்கமாட்டாள். ஒட்டுகிற டேப் வேறு சொல்: அதற்குக் கடைசியில் ஈ என்ற எழுத்து உண்டு, ஒலியும் நீளும்.

நான்காம் படி, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிக முக்கியம்: மலாயைக் கவனியுங்கள். ஏ, ஐ, ஆர் என்ற மூன்று எழுத்துகளும் மலாயில் 'ஆயர்', அதாவது தண்ணீர். ஆங்கிலத்தில் 'ஏர்', காற்று. 'ஃபிரெஷ் ஏர்' என்பதை நல்ல தண்ணீர் என்று ஒரு பையன் எழுதிவிட்டான். 'ஜாம்' மலாயில் மணி நேரம், ஆங்கிலத்தில் ரொட்டியில் தடவுவது, சாலை நெரிசலும் அதுவே. மருந்துக்கடைப் பலகையில் ஃபார்மாசி எஃப் எழுத்தில் தொடங்கும், ஆங்கிலத்தில் பி, எச். இப்படிக் குழம்பும் சொற்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி வையுங்கள்.

உச்சரிப்புக்குக் கைப்பேசி அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டிக் கேட்டால் சரி.

அப்புறம் திரும்பிப் பார்ப்பது. மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் தமிழ்ப் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு பொருளைச் சொல்லுங்கள். வராத சொல்லுக்குப் புது வாக்கியம் ஒன்று எழுதி, மறுநாள் ஐந்தில் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.