கனடா வர்ற நம்ம கடக்கரைப் பிள்ளைகளுக்கு: கைரோபிராக்டர்னு போர்டு பாத்தா தெரிஞ்சிருக்க வேண்டியது

ஒரு மாச லீவுல ஊருக்கு வந்துருக்கேன், ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துல அக்கா வீடு. வந்த மூணாம் நாளு பக்கத்துத் தெரு தம்பி ஒருத்தன் வந்தான், அடுத்த மாசம் டொராண்டோவுக்குப் படிக்கப் போறான். குளிருக்கு என்ன ஜாக்கெட் வாங்கணும், அரிசி எங்க கிடைக்கும்னு கேப்பான்னு நெனச்சேன். அவன் கேட்டது வேற. "அக்கா, அங்க கடைத்தெரு பூரா கைரோபிராக்டர்னு டாக்டருங்க இருக்காங்களாமே, யூடியூப்ல பாத்தேன், கழுத்த ஒரு திருப்பு திருப்புறாங்க, சொடக்குனு சத்தம் வருது, எல்லாம் சரியாயிருதாம், நான் போய் செட்டில் ஆனதும் அப்பாவ விசிட்டர் விசால கூப்ட்டு காட்டட்டா?" அவங்க அப்பா முப்பது வருசமா வலை இழுத்தவரு, இப்ப குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல.

கைரோபிராக்டர்னா முதுகெலும்பு, மூட்ட கையால தள்ளி அசைச்சு வலிக்கு வைத்தியம் பாக்குறவங்க. அவனுக்குச் சொன்னத தான் இங்க எழுதுறேன். டொராண்டோல ஸ்கார்பரோங்கிற பகுதியில 11 வருசமா இருக்கேன், கைரோபிராக்டர்கிட்ட ஏமாந்தும் இருக்கேன், ஒரு கைரோபிராக்டரால என் வீட்டுக்காரர் கால் தப்பியும் இருக்கு. ரெண்டும் ஒரே தொழில்ல நடந்தது, அதனால இத முழுசா சொல்லணும்.

நம்ம பக்கம் முதுகுவலி எல்லா வீட்லயும் உள்ளது. கடலுக்குப் போறவங்களுக்கு ஐஸ் பெட்டி தூக்கி, பாசி எடுக்குற பொம்பளைங்களுக்கு தண்ணிக்குள்ள மணிக்கணக்கா குனிஞ்சு, சாயல்குடி பக்கம் பனை ஏறுறவங்களுக்கு ஏறி எறங்கி. பிடிச்சுக்கிச்சுன்னா எண்ணெய் போட்டு சுளுக்கு வழிக்கிறவருகிட்ட போவோம், வர்மம் தெரிஞ்சவருகிட்ட போவோம், அதுவும் இல்லன்னா காலு முன்னால வந்து பொறந்தவங்கள தேடிப் பிடிச்சு முதுகுல மிதிக்கச் சொல்லுவோம், எங்க அம்மாவுக்கு நானே ஆள் தேடி ஓடிருக்கேன். அதனால வெளிநாட்டுக்கு வந்ததும் நம்மாளு ரெண்டுல ஒரு தப்பு பண்ணுவாங்க. ஒண்ணு, இது நம்ம சுளுக்கு வைத்தியம் தான், இங்கிலீஷ்ல பேரு வச்சிருக்காங்கன்னு நெனைக்கிறது. இன்னொன்னு, போர்டுல பேருக்கு முன்னால டாக்டர்னு இருக்கிறதப் பாத்து எம்பிபிஎஸ் டாக்டர் மாதிரி சுகர், பிரஷர், ஆஸ்துமா எல்லாத்தையும் அங்க போய் சொல்றது.

அவங்க ரெண்டும் இல்ல. டொராண்டோ இருக்குற ஒண்டாரியோ மாநிலத்துல 1991ல வந்த சட்டப்படி இது தனியா லைசென்ஸ் உள்ள தொழில். யுனிவர்சிட்டில சில வருசம் படிச்சிட்டு அதுக்கு மேல நாலு வருசம் இதுக்குன்னே படிக்கணும், டொராண்டோல 1945லயே இதுக்கு ஒரு காலேஜ் ஆரம்பிச்சுட்டாங்க. டாக்டர்னு போட்டுக்கிறதுக்கு சட்டம் அவங்களுக்கு உரிமை குடுத்துருக்கு, முதுகெலும்பு, மூட்டு சம்பந்தமா இன்ன கோளாறுன்னு சொல்றதுக்கும் உரிமை இருக்கு, குடும்ப டாக்டர் சீட்டு இல்லாமலே நேரா போகலாம். ஆனா மருந்து எழுதக்கூடாது, ஆபரேஷன் கிடையாது. முதுகெலும்பு மூட்ட சடக்குனு வேகமா தள்ளுறாங்கல்ல, அது கூட அனுமதி உள்ளவங்க மட்டும் தான் செய்யலாம். அதனால தெரிஞ்சவங்க வீட்டு பேஸ்மென்ட்ல ஒருத்தர் நல்லா நரம்பு எடுப்பாருன்னு சொன்னா போகாதீங்க, தப்பா போச்சுன்னா கேக்குறதுக்கு ஆள் இல்ல. லைசென்ஸ் இருக்கான்னு பாக்க ஒண்டாரியோ கைரோபிராக்டர்ஸ் காலேஜோட வெப்சைட்ல பேரப் போட்டு தேடலாம், ஏதாச்சும் நடவடிக்கை எடுத்துருந்தா அதுவும் அதுல இருக்கும். காலேஜ்னு பேரு இருக்கே தவிர அது படிக்கிற எடம் இல்ல, தொழில கண்காணிக்கிற அமைப்பு, புகார் குடுக்கிறதும் அங்க தான்.

இப்ப இந்தத் தொழில் எங்க இருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லணும், கதைக்காக இல்ல, உங்க காசு இதுல தான் இருக்கு. டேனியல் டேவிட் பால்மர்னு ஒருத்தர், 1845ல ஒண்டாரியோல பொறந்தவரு, அப்பறம் அமெரிக்கா போயிட்டாரு. அயோவாவுல டேவன்போர்ட்னு ஒரு ஊரு, அங்க காந்த வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்தாரு. 1895ல ஹார்வி லில்லார்ட்னு ஒரு துப்புரவுத் தொழிலாளி, காது சரியா கேக்காது, அவரு முதுகுல ஒரு எலும்பு எடம் மாறியிருக்குன்னு அத தள்ளி விட்டதும் காது கேட்டுச்சுன்னு பால்மர் சொன்னாரு. அங்க ஆரம்பிச்சது. கிரேக்கத்துல கை, செய்யிறது, இந்த ரெண்டு வார்த்தையச் சேத்து பேரு வச்சாங்க. ரெண்டு வருசத்துல பள்ளிக்கூடமும் தொறந்துட்டாரு. முதுகெலும்பு எடம் பிசகுனா உள்ள ஓடுற உயிர்சக்தி தடைபடும், ஏறக்குறைய எல்லா வியாதிக்கும் அது தான் காரணம்ங்கிறது அவரு சொன்ன தத்துவம், அந்தப் பிசகுக்கு சப்லக்சேஷன்னு பேரு. இந்த வார்த்தைய மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கங்க.

அவரு லைசென்ஸ் இல்லாம வைத்தியம் பாத்தாருன்னு 1906ல ஜெயிலுக்கே போயிருக்காரு. அப்பறம் அமெரிக்காவுல 1913ல கான்சஸ் மாநிலம் மொதல்ல சட்டம் போட்டு ஏத்துக்கிச்சு, கடைசி மாநிலம் லூசியானா ஏத்துக்க 1974 ஆயிருச்சு. அமெரிக்க மருத்துவ சங்கம் தன்னோட டாக்டருங்கள கைரோபிராக்டர் கூட சேரவே கூடாதுன்னு வச்சிருந்துச்சு, நாலஞ்சு கைரோபிராக்டருங்க 1976ல கேஸ் போட்டாங்க, 1987ல ஜட்ஜ் சங்கம் பண்ணது சட்டவிரோதம்னு தீர்ப்பு குடுத்தாங்க. அதுல ஒரு விசயம், அந்தத் தீர்ப்பு சங்கம் தொழில நசுக்கப் பாத்தத தான் தப்புன்னு சொல்லுச்சு, பால்மர் தத்துவம் சரின்னு சொல்லல. சில கிளினிக்ல கோர்ட்டே ஒத்துக்கிச்சுன்னு பேசுவாங்க, அதுக்காக சொல்றேன்.

பால்மர் காலத்துல இருந்தே இந்தத் தொழில் ரெண்டு வீடா பிரிஞ்சு கெடக்கு. ஒரு வீடு, நாங்க முதுகு, கழுத்து, மூட்டு வலி பாக்குறவங்க, எக்சர்சைஸ் சொல்லித் தருவோம், மத்த டாக்டர் பிசியோவோட சேந்து வேலை செய்வோம்னு சொல்லும். இன்னொரு வீடு பழைய தத்துவத்த விடாது, வலி இல்லாட்டியும் வாழ்நாள் பூரா வந்து எலும்ப சரி பண்ணிக்கிட்டே இருக்கணும், அப்ப தான் உள்ளுறுப்பெல்லாம் வேலை செய்யும்னு சொல்லும். 2010ல பிரிட்டன்ல இந்தத் தொழில கண்காணிக்கிற அமைப்பே சப்லக்சேஷன் தான் நோய்க்குக் காரணம்ங்கிறதுக்கு ஆராய்ச்சி ஆதாரம் இல்லன்னு எழுதிக் குடுத்துச்சு. வெளிய இருந்து பாத்தா ரெண்டு வீட்டுக்கும் ஒரே போர்டு, ஒரே பட்டம். புதுசா வர்ற நமக்கு வித்தியாசம் தெரியாது, எனக்கும் தெரியல.

நான் வந்த ரெண்டாவது குளிர்காலம், வேர்ஹவுஸ்ல பெட்டி தூக்குற வேலை, இடுப்பு பிடிச்சுக்கிச்சு. பஸ் ஸ்டாப் பக்கத்துல ஒரு கிளினிக், மொத விசிட் ஃப்ரீன்னு போட்டிருந்தாங்க. போனதும் எக்ஸ்ரே, மறுநாள் வரச் சொல்லி படத்துல செவப்பு கோடு போட்டு காமிச்சாங்க, உன் முதுகு வளைவு போச்சு, இப்படியே விட்டா சிறுநீரகம் கெடும், நாளைக்கு கொழந்த பொறக்குறதுல கூட சிக்கல் வரும்னாங்க. 48 சிட்டிங், இன்னிக்கே கட்டுனா டிஸ்கவுண்ட். எனக்கு அப்ப 26 வயசு, கல்யாணம் ஆகி ஆறு மாசம், கொழந்தன்னு சொன்னதும் கை நடுங்கிருச்சு, ரெண்டு கார்டுல தேச்சு கட்டுனேன். வலி என்னமோ மூணு வாரத்துல போயிருச்சு, அது தானாவே போற வலின்னு பின்னால தான் தெரிஞ்சுச்சு. மிச்ச காச கேட்டா இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்து கடைசில பாதி கூட வரல. அந்தப் பணம் ஊருக்கு அனுப்ப வச்சிருந்தது, அம்மாவுக்கு என்ன பொய் சொன்னேன்னு இன்னிக்கும் நெனச்சா வலிக்குது.

அதுக்கப்பறம் இந்தத் தொழில் பக்கமே போகக்கூடாதுன்னு இருந்தேன். நாலு வருசம் கழிச்சு வீட்டுக்காரருக்கு, அவரு டிரக் ஓட்டுறாரு, முதுகுல இருந்து ரெண்டு காலுக்கும் வலி எறங்குச்சு, கம்பெனி பெனிஃபிட்ஸ்ல, அதாவது கம்பெனி குடுக்குற மருத்துவ இன்சூரன்ஸ்ல இருக்கேன்னு ஒரு கைரோபிராக்டர்கிட்ட போனாரு. அந்த அம்மா தொடக்கூட இல்ல, கேள்வி மேல கேள்வி. கடைசில, உக்கார்ற எடம் மரத்துப் போகுதா, ஒண்ணுக்கு வர்றது தெரியுதான்னு கேட்டாங்க. இவரு கூச்சப்பட்டு என்கிட்டயே சொல்லாம இருந்தாரு, நேத்துல இருந்து சரியா வரலன்னு அங்க சொல்லிட்டாரு. ஒடனே ஒரு லெட்டர் எழுதிக் குடுத்து, இங்க இருந்து வீட்டுக்குப் போகாதீங்க, நேரா எமர்ஜென்சி போங்கன்னு அனுப்பிட்டாங்க. டிஸ்க் பிதுங்கி முதுகெலும்போட அடியில இருக்குற நரம்புக் கத்தைய நசுக்கிட்டு இருந்துச்சு, அன்னிக்கு ராத்திரியே ஆபரேஷன். இப்ப நடக்குறாரு, வண்டி ஓட்டுறாரு. அந்த விசிட்டுக்கு அந்த அம்மா காசு கூட வாங்கல.

அதனால மொத விசிட்ல இத தான் பாக்கணும். உங்க கதைய முழுசா கேக்குறாங்களா, காய்ச்சல், எடை கொறையிறது, கேன்சர் வந்துருக்கா, விழுந்தீங்களா, கால்ல பலம் கொறையுதான்னு கேக்குறாங்களா. என்ன செய்யப் போறாங்க, அதுல என்ன ஆபத்து, வேற என்ன வழி இருக்குன்னு சொல்லிட்டு உங்க சம்மதம் வாங்குறாங்களா. வீட்ல செய்ய எக்சர்சைஸ் சொல்றாங்களா. அஞ்சாறு தடவ பாப்போம், கொறையலன்னா டாக்டர்கிட்ட போங்கன்னு சொல்றவங்க நல்லவங்க. எல்லாருக்கும் எக்ஸ்ரே, மொத நாளே பேக்கேஜ், சப்லக்சேஷன், சுகர் கொறையும், தடுப்பூசி வேணாம், இப்படிப் பேச்சு வந்தா செருப்ப மாட்டிட்டு வெளிய வந்துருங்க, மரியாதக் கொறவா நெனைக்க வேணாம்.

பலன் இருக்கான்னு கேட்டா, இடுப்புவலிக்கு ஓரளவு இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல நாள்பட்ட இடுப்புவலிக்கு வழிமுறை வெளியிட்டப்ப உடற்பயிற்சி, மசாஜ் இதுகளோட முதுகெலும்ப கையால அசைக்கிற சிகிச்சையையும் சேத்து தான் சொல்லிருக்கு. பிரிட்டன்ல 2016 வழிமுறை, உடற்பயிற்சியோட சேத்து தான் செய்யணும், தனியா வேணாம்னு சொல்லுது. இதே சிகிச்சைய பிசியோ கூட செய்யிறாங்க. சொடக்கு சத்தம் எலும்பு எடத்துக்குப் போற சத்தம் இல்ல, மூட்டுத் தண்ணில கேஸ் குமிழி உண்டாகுற சத்தம், நாம வெரல சொடுக்குனா வர்றது தான். கழுத்து விசயத்துல மட்டும் நான் ரொம்ப பயப்படுவேன். வேகமா திருப்புனதுக்கு அப்பறம் கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வந்தது உண்டு, ரொம்ப அபூர்வம் தான், ஆனா வந்தா வாழ்க்கையே போச்சு. கழுத்த வேகமா திருப்ப வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு, வேற முறை இருக்கு. போயிட்டு வந்தப்பறம் இதுக்கு முன்னால வராத மாதிரி தலைவலி, கண்ணு ரெண்டு ரெண்டா தெரியிறது, பேச்சு கொழறுறது வந்தா அவசர உதவி நம்பர் 911 அடிங்க, காலைல பாப்போம்னு படுக்காதீங்க.

கைக்கொழந்தைக்கு நம்ம ஊர்ல உரம் எடுப்போம்ல, அதே நெனப்புல பச்சப்புள்ளய கைரோபிராக்டர்கிட்ட தூக்கிட்டுப் போறாங்க, விடாம அழுவுது, பால் கக்குதுன்னு. வேணாம். ஆஸ்திரேலியாவுல 2019ல ரெண்டு வயசுக்குள்ள உள்ள பிள்ளைங்களுக்கு முதுகெலும்ப அசைக்க வேணாம்னு அந்தத் தொழிலோட போர்டே சொல்லி வச்சுச்சு. பிள்ளைய டாக்டர்கிட்ட காட்டுங்க.

காசு விசயம். ஓஹிப் கார்டு, அதாவது ஒண்டாரியோ அரசாங்கத்தோட மருத்துவ இன்சூரன்ஸ் கார்டு, இதுக்கு செல்லாது, 2004ல நிறுத்திட்டாங்க. கம்பெனி பெனிஃபிட்ஸ்ல வருசத்துக்கு இவ்வளவுன்னு இருக்கும், ஸ்டூடன்ட்ஸ் காலேஜ் இன்சூரன்ஸ் பேப்பர எடுத்து பாருங்க. பெனிஃபிட்ஸ் மிச்சம் இருக்கு, சும்மா கையெழுத்து போடுங்க, ஆளுக்குப் பாதின்னு யாராச்சும் சொன்னா தொடாதீங்க, அது மோசடி, மாட்டுனா வேலை போயிரும். வேலை செய்யிற எடத்துல அடிபட்டா முதலாளிகிட்ட அன்னிக்கே சொல்லி வேலை எடத்துல அடிபட்டவங்களுக்கு இன்சூரன்ஸ் குடுக்குற டபிள்யூ எஸ் ஐ பி அமைப்புல பதிய வைங்க, ஆறு மாசத்துக்குள்ள போடணும், அது ஏத்துக்கிச்சுன்னா சிகிச்சை செலவு உங்க கையில இருந்து போகாது. நான் இது தெரியாம தான் ரெண்டு கார்டு தேச்சேன். எங்க போறதுன்னே தெரியலன்னா ஒண்டாரியோல 811 அடிங்க, நர்ஸ் பேசுவாங்க, ராத்திரியிலயும் எடுப்பாங்க.

கீழக்கரை, தொண்டி பக்கம் லண்டன் போறவங்களுக்கும் அதே தான். அங்க 1994 சட்டம், ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சில்ல பேரு இருக்கான்னு பாத்துக்கங்க, வலிக்கு மொதல்ல ஜிபி, அதாவது குடும்ப டாக்டர்கிட்ட போங்க.

தம்பிகிட்ட இதெல்லாம் சொல்லிட்டு, அப்பாவ கனடா வரைக்கும் கூப்ட்டு காட்ட வேண்டியதில்ல, விசிட்டருக்கு எல்லாமே கைக்காசு, இங்கயே காட்டுன்னேன். மறுநாள் சாயங்காலம் அவரே வந்து திண்ணையில ஒக்காந்தாரு. அந்த அம்மா என் வீட்டுக்காரர்கிட்ட கேட்ட கேள்விய வரிசையா கேட்டேன். ஒண்ணுக்குப் போறதெல்லாம் சரியா தான் இருக்காம், இடது கால் கட்டவெரல் மட்டும் ரெண்டு மாசமா தூக்க வரலன்னாரு, மிதிக்கச் சொல்லி ரெண்டு தடவ மிதிச்சும் பாத்தாச்சாம். மாமா, இனிமே யாரையும் முதுகுல மிதிக்க விடாதீங்கன்னு சொல்லிட்டு, காலைல மொத பஸ்ல ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு போறோம், எலும்பு டாக்டர் ஓபிக்கு, தம்பி டோக்கன் போட முன்னாடியே போறான், நானும் கூடப் போறேன்.